பெட்ரோல் காரை வீட்டிலேயே மின்சாரக் காராக மாற்றுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இன்ஜின் செத்துப்போன ஒரு சிறிய காரை நானும் என் மைத்துனரும் சேர்ந்து மின்சாரத்தில் ஓட வைத்தோம். பதினான்கு மாத ஞாயிற்றுக்கிழமைகள் அதற்குப் போயின. அந்தக் காரைப் பார்க்கிறவர்கள் எல்லோரும் முதலில் மோட்டாரைப் பற்றித்தான் விசாரிக்கிறார்கள். மோட்டார் வேலை மூன்றே வாரத்தில் முடிந்துவிட்டது. மீதிக் காலத்தில் பெரும்பகுதியை பேட்டரிதான் எடுத்துக்கொண்டது. கீழே உள்ள பதில்களிலும் அதற்கே அதிக இடம் கொடுத்திருக்கிறேன்.

உண்மையிலேயே இது வீட்டில் செய்யக்கூடிய வேலையா?

செய்யலாம். இன்ஜினை இறக்கி ஏற்றிப் பழக்கம் உள்ளவர், மல்ட்டிமீட்டரைச் சரியாகப் பிடிக்கத் தெரிந்தவர், அவசரப்படாதவர் என்றால் தாராளமாகச் செய்யலாம். லேத் வேலையையும் முக்கியமான வெல்டிங்கையும் பட்டறையில் கொடுத்துவிடுங்கள். உயர் மின்னழுத்தத்தில் ஒருமுறைகூட வேலை செய்ததில்லை என்றால், அனுபவமுள்ள ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளாமல் பேட்டரிப் பக்கம் போகாதீர்கள். இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

எந்தக் கார் மாற்றுவதற்கு ஏற்றது?

எடை குறைந்தது, துரு இல்லாதது, கையால் கியர் மாற்றுவது. இந்த மூன்றும் இருந்தால் மற்றதைப் பார்த்துக்கொள்ளலாம். இன்ஜின் பழுதாகிக் கிடந்தால் இன்னும் நல்லது, விலை குறையும். ஆனால் அடித்தட்டும் சஸ்பென்ஷன் பிடிமானங்களும் அரித்துப்போயிருந்தால் அந்தக் காரை விட்டுவிடுங்கள். அதன்மேல் இருநூறு முந்நூறு கிலோ பேட்டரியை ஏற்றப் போகிறீர்கள்.

தானியங்கி கியர்பெட்டி உள்ள காரைத் தவிர்ப்பது நல்லது. பெரும்பாலான தானியங்கிப் பெட்டிகளில் எண்ணெய் அழுத்தம், இன்ஜின் சும்மா சுற்றிக்கொண்டிருப்பதால்தான் கிடைக்கிறது. மின்மோட்டார் சிக்னலில் அடியோடு நின்றுவிடும், அழுத்தமும் இறங்கிவிடும்.

மிகப் புதிய கார்களிலும் ஒரு தொல்லை உண்டு. இன்ஜின் கணினியிலிருந்து செய்தி வராவிட்டால் ஸ்டியரிங், ஏபிஎஸ், டாஷ்போர்டு என்று ஒவ்வொன்றாக எச்சரிக்கை விளக்கை ஏற்றும். மின்னணுச் சாதனங்கள் குறைவாக உள்ள பழைய காரில் இந்தத் தலைவலி கிடையாது.

மாற்றிய காரைச் சாலையில் ஓட்ட அனுமதி வேண்டுமா?

வேண்டும். விதிகள் நாட்டுக்கு நாடு வேறுபடுகின்றன. சில இடங்களில் பொறியாளர் சான்று போதும், சில இடங்களில் அங்கீகாரம் பெற்ற கருவித் தொகுப்பை மட்டுமே பொருத்தலாம். முதல் பொருளை வாங்குவதற்கு முன்பே வாகனப் பதிவு அலுவலகத்திலும் காப்பீட்டு நிறுவனத்திலும் எழுத்துவழியாகக் கேட்டுவிடுங்கள். எரிபொருள் வகை பதிவேட்டில் மாறாத வண்டிக்கு, விபத்து நேர்ந்தால் காப்பீட்டுத் தொகை மறுக்கப்படலாம்.

ஒருமுறை சார்ஜ் செய்தால் எத்தனை கிலோமீட்டர் ஓடும்?

சிறிய கார் ஒன்று நூறு கிலோமீட்டருக்குச் சுமார் 15 யூனிட் மின்சாரம் தின்னும். ஒரு யூனிட் என்பது ஒரு கிலோவாட் மணி. பேட்டரியின் மொத்தக் கொள்ளளவில் 85 சதவீதத்தை மட்டும் பயன்படுத்துவதாகக் கணக்கிடுங்கள். 24 யூனிட் பேட்டரி என்றால் ஏறக்குறைய 20 யூனிட் கையில் கிடைக்கும். சுமார் 130 கிலோமீட்டர் எதிர்பார்க்கலாம்.

ஒரு லிட்டர் பெட்ரோலில் சுமார் 9 யூனிட் ஆற்றல் அடங்கியிருக்கிறது. அப்படிப் பார்த்தால் இந்தப் பேட்டரி மூன்று லிட்டர் பெட்ரோலுக்குக்கூட ஈடாகாது. ஆனால் பெட்ரோல் இன்ஜின் தான் எரிப்பதில் கால்வாசியைத்தான் சக்கரத்துக்கு அனுப்புகிறது, மீதி வெப்பமாகப் போகிறது. மின்மோட்டாரோ பத்தில் ஒன்பது பங்கைச் சக்கரத்திடம் சேர்த்துவிடும். அதனால் நடைமுறையில் எட்டு ஒன்பது லிட்டர் போட்டு ஓட்டியது போல இருக்கும்.

வேகம் கூடினால் இந்தக் கணக்கு உடைந்துவிடும். காற்றின் எதிர்ப்பை வெல்ல ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் ஆகும் ஆற்றல் வேகத்தின் வர்க்கமாக ஏறுகிறது, அதாவது வேகம் இரட்டித்தால் நான்கு மடங்கு. 80 கிலோமீட்டர் வேகத்தில் கிடைக்கும் தூரத்தை 110 கிலோமீட்டர் வேகத்தில் எதிர்பார்த்து வெளியூர் கிளம்பிவிடாதீர்கள்.

எந்த மோட்டார் வாங்கலாம்?

ஒரு சிறிய கார் 80 கிலோமீட்டர் வேகத்தில் சீராக ஓட 12 கிலோவாட் அளவே போதும். மேடு ஏறவும் முந்திச் செல்லவும்தான் கூடுதல் திறன் தேவைப்படுகிறது. 30 முதல் 50 கிலோவாட் வரை உள்ள மோட்டார் தாராளம். விற்பவர் சொல்லும் எண், சில விநாடிகள் தரக்கூடிய உச்சத் திறனா, மணிக்கணக்கில் தரக்கூடிய தொடர் திறனா என்று கேட்டு வாங்குங்கள். இரண்டுக்கும் இடையே பாதிக்குப் பாதி வித்தியாசம் இருப்பதும் உண்டு.

முன்பெல்லாம் ஃபோர்க்லிஃப்ட் வண்டிகளிலிருந்து எடுத்த தொடர்சுற்று நேர்மின் (டிசி) மோட்டாரை வைத்துத்தான் பலரும் தொடங்கினார்கள். அது எளிமையானது, இழுவை அபாரம். ஆனால் சுமை இல்லாமல் அதற்கு முழு மின்னழுத்தம் கொடுத்தால் வேகம் கட்டுக்கடங்காமல் ஏறி, உள்ளே சுற்றும் பகுதியே சிதறிப்போகும். மேசைமேல் வைத்துச் சோதிப்பதாக இருந்தால் 12 வோல்ட் கார் பேட்டரிக்கு மேல் கொடுக்காதீர்கள்.

இன்று சிறந்த வழி, விபத்தில் சிக்கிய மின்சாரக் காரிலிருந்து மோட்டாரையும், பேட்டரி மின்சாரத்தை அதற்கேற்ப மாற்றிக் கொடுக்கும் இன்வெர்ட்டரையும் ஜோடியாக எடுப்பது. 2010இல் விற்பனைக்கு வந்த நிசான் லீஃப் காரின் 80 கிலோவாட் மோட்டார் இதற்குப் பெயர் பெற்றது. அந்த இன்வெர்ட்டர் தன் பழைய காரின் கணினியைத் தேடும், அது இல்லாமல் அசையாது. அதன் கட்டுப்பாட்டுப் பலகையை மாற்ற வேண்டும், அல்லது அதற்குப் புரியும் செய்திகளை அனுப்பும் சிறு கணினி ஒன்றை வைக்க வேண்டும். ஓப்பன்இன்வெர்ட்டர் என்ற திறமூலத் திட்டத்தில் இவற்றுக்கான வரைபடங்களும் மென்பொருளும் கிடைக்கின்றன. தாங்கள் கற்றதைப் பூட்டிவைக்காமல் பொதுவில் வைத்த அந்த மனிதர்களுக்கு நான் கடன்பட்டிருக்கிறேன்.

மோட்டாரைப் பழைய கியர்பெட்டியோடு எப்படி இணைப்பது?

இடையில் ஒரு தடித்த அலுமினியத் தகடும், இரண்டு தண்டுகளையும் பிணைக்கும் ஒரு இணைப்பானும் வேண்டும். தகட்டை நீங்களே வரைந்து அறுக்கலாம். இணைப்பானை நல்ல லேத்காரரிடம் கொடுங்கள். மோட்டார் தண்டின் மையமும் கியர்பெட்டித் தண்டின் மையமும் ஒரே கோட்டில் நிற்க வேண்டும். நாங்கள் வைத்துக்கொண்ட எல்லை 0.05 மில்லிமீட்டர்.

எங்கள் லேத்காரர் டயல் அளவியின் முனையை இணைப்பானின்மேல் வைத்து, தண்டைக் கையால் மெல்லச் சுற்றினார். முள் எட்டுக் கோடு ஆடியது. ஒரு கோடு நூறில் ஒரு பங்கு மில்லிமீட்டர். கழற்றினார், சாவிப் பள்ளத்தில் கண்ணுக்குத் தெரியாத ஒரு பிசிறை அரத்தால் இரண்டு இழுப்பு இழுத்தார், திரும்பப் பூட்டினார். முள் மூன்று கோட்டில் நின்றது. அந்தப் பிசிறு அங்கேயே இருந்திருந்தால் சில ஆயிரம் கிலோமீட்டரில் பேரிங் போயிருக்கும் என்றார்.

கிளட்ச் தேவையா?

தேவையில்லை. மோட்டார் நின்ற நிலையிலிருந்தே முழு முறுக்குவிசையும் தரும். கிளட்ச்சை வைத்துக்கொண்டால் கியர் மாற்றுவது இதமாக இருக்கும், அவ்வளவுதான். நாங்கள் எடுத்துவிட்டோம். ஊருக்குள் எப்போதும் இரண்டாவது கியர், நெடுஞ்சாலையில் மூன்றாவது. பின்னால் போக மோட்டாரையே எதிர்த்திசையில் சுற்றவைத்தால் போதும்.

எத்தனை வோல்ட் பேட்டரி வைக்க வேண்டும்?

30 கிலோவாட் திறனை 96 வோல்ட்டில் எடுத்தால் 312 ஆம்பியர் ஓடும். அதையே 360 வோல்ட்டில் எடுத்தால் 83 ஆம்பியர்தான். ஒரே கம்பி என்றால் முதல் முறையில் வெப்ப இழப்பு பதினான்கு மடங்கு. அதனால்தான் தொழிற்சாலைக் கார்கள் உயர் மின்னழுத்தத்துக்குப் போயின. குறைந்த மின்னழுத்தத்தில் ஆபத்து சற்றுக் குறைவு, ஆனால் கம்பி விரல் தடிமனுக்கு வேண்டும். ஊருக்குள் மட்டும் ஓட்டும் இலகுவான காருக்கு 96 முதல் 144 வோல்ட் போதும். அதற்கு மேல் எதிர்பார்ப்பவர்கள் 300 வோல்ட்டுக்கு மேல் போகலாம்.

பழைய மின்சாரக் காரின் பேட்டரியை நம்பி வாங்கலாமா?

வாங்கலாம், ஒவ்வொரு தொகுதியையும் நீங்களே அளந்து பார்த்த பிறகு. முதல் தலைமுறை லீஃப் பேட்டரியில் 48 தொகுதிகள், ஒவ்வொன்றிலும் நான்கு செல்கள், மொத்தம் 192 செல்கள் இருக்கின்றன. ஒரு தொகுதி சுமார் 7.6 வோல்ட் காட்டும். நான் வாங்கியதில் 46 தொகுதிகள் ஒன்றுக்கொன்று நூறில் இரண்டு பங்கு வோல்ட் வித்தியாசத்துக்குள் நின்றன. இரண்டு மட்டும் 7.1 காட்டின. விற்றவர், சார்ஜ் ஏற்றினால் சரியாகிவிடும் என்றார். ஏற்றி, இரண்டு வாரம் அப்படியே வைத்திருந்து அளந்தேன். மறுபடியும் இறங்கியிருந்தன. தொடர் இணைப்பில் மிக மோசமான செல் எங்கே நிற்கிறதோ அங்கேதான் மொத்தப் பேட்டரியும் நிற்கும். அந்த இரண்டையும் ஒதுக்கிவிட்டு வேறு வாங்கினேன்.

புதிதாக வாங்குவதென்றால் லித்தியம் இரும்பு பாஸ்பேட் செல்களைப் பாருங்கள். எடைக்கு எடை கொள்ளளவு கொஞ்சம் குறைவுதான். ஆனால் வெப்பத்தை அதிகம் தாங்கும், எளிதில் தீப்பிடிக்காது, ஆயுளும் நீளம். வீட்டில் மாற்றும் காருக்கு என் முதல் தேர்வு அதுதான். ஈய அமில பேட்டரியை இந்தக் காலத்தில் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். எடையிலேயே கார் உட்கார்ந்துவிடும்.

பேட்டரியை எங்கே வைப்பது?

வேலையில் மிக நீண்ட பகுதி இதுதான். எங்களுக்கு ஐந்து மாதம் ஆனது. இன்ஜின், புகைக்குழாய், பெட்ரோல் டேங்க், ரேடியேட்டர் எல்லாம் போனால் நூற்றைம்பது கிலோ அளவுக்குக் குறையும். முழு லீஃப் பேட்டரி, உறையோடு சேர்த்து 290 கிலோவுக்கு மேல். டேங்க் இருந்த இடத்தில் ஒரு பெட்டி, இன்ஜின் அறையில் ஒரு பெட்டி என்று பிரித்து வையுங்கள். முன் அச்சும் பின் அச்சும் எவ்வளவு தாங்கும் என்று கார் தயாரித்த நிறுவனமே எண் கொடுத்திருக்கிறது. வேலைக்கு முன்னும் பின்னும் எடைமேடையில் முன் சக்கரங்களைத் தனியாக, பின் சக்கரங்களைத் தனியாக ஏற்றி நிறுத்துப் பாருங்கள்.

பெட்டி எஃகுச் சட்டத்தில் இருக்கட்டும், சேசிஸோடு போல்ட் போட்டு இறுக்கப்படட்டும். மோதலில் கார் திடீரென்று நிற்கும்போது பேட்டரி மட்டும் அதே வேகத்தில் முன்னால் பாயப் பார்க்கும். அதற்கும் உங்கள் குழந்தைகளின் இருக்கைக்கும் நடுவே நிற்பது நீங்கள் செய்த அந்தப் பெட்டிதான். பயணிகள் பக்கம் காற்றுப் புகாமல் அடைத்துவிட்டு, வாயு வெளியேற காருக்கு வெளியே ஒரு வழி வையுங்கள்.

ஷாக் அடிக்குமா? எப்படித் தற்காத்துக்கொள்வது?

நேர்மின்னழுத்தம் 60 வோல்ட்டைத் தாண்டினாலே அதை ஆபத்தான மின்சுற்றாகத்தான் பன்னாட்டு வாகன விதிகள் கருதுகின்றன. 360 வோல்ட் உயிரைப் பறிக்கும். வீட்டு மின்சாரத்துக்கு மெயின் சுவிட்ச் இருக்கிறது. பேட்டரித் தொகுதிகளை அணைக்கவே முடியாது, அவை எப்போதும் உயிரோடுதான் இருக்கும். அதனால் வேலை நடக்கும் நாட்களில் ஏழு ஏழு தொகுதிகளாகப் பிரித்தே வைத்திருந்தோம். முழுச் சார்ஜில்கூட ஒரு கூட்டம் 59 வோல்ட்டைத் தாண்டாது. கூட்டங்களை இணைக்கும் கடைசித் துண்டுகளை எல்லா வேலையும் முடிந்த பிறகே போட்டோம்.

மோதிரம், கைக்கடிகாரம், கழுத்துச் சங்கிலி எல்லாவற்றையும் கழற்றிவிடுங்கள். 1000 வோல்ட் தாங்கும் ரப்பர் கையுறை போடுங்கள், அதில் ஓட்டை இல்லையென்று ஒவ்வொரு முறையும் காற்றடைத்துப் பாருங்கள். ஸ்பேனரின் கைப்பிடியை முழுவதும் மின்காப்பு டேப்பால் சுற்றுங்கள். தனியாக வேலை செய்யாதீர்கள். கூட இருப்பவருக்கு முதலுதவி தெரிந்திருக்கட்டும்.

இன்னொன்று. காரின் 12 வோல்ட் சுற்றில் எதிர்முனை உடலோடு சேர்ந்திருக்கும். உயர் மின்னழுத்த பேட்டரியின் எந்த முனையும் கார் உடலைத் தொடவே கூடாது. இரண்டு முனையும் மிதக்க வேண்டும். உடலுக்கும் அந்தச் சுற்றுக்கும் இடையே ஒரு வோல்ட்டுக்குக் குறைந்தது 500 ஓம் தடை வேண்டும், அதாவது 360 வோல்ட்டுக்கு 1,80,000 ஓம். ஒரு முனை மட்டும் உடலைத் தொடும் முதல் கசிவு உங்களுக்கு எதையும் காட்டிக்கொடுக்காது. இரண்டாவது கசிவுதான் கொல்லும். முதல் கசிவிலேயே எச்சரிக்கும் மின்காப்புக் கண்காணிப்பான் ஒன்றைக் கட்டாயம் பொருத்துங்கள்.

பேட்டரியையும் இன்வெர்ட்டரையும் நேரடியாக இணைத்தால் என்ன?

இன்வெர்ட்டருக்குள் பெரிய மின்தேக்கிகள் காலியாக இருக்கும். நேரடியாகக் கொடுத்தால் ஒரு கணத்தில் ஆயிரக்கணக்கான ஆம்பியர் பாய்ந்து, பேட்டரியை இணைத்துத் துண்டிக்கும் பெரிய மின்சுவிட்சான கான்டாக்டரின் முனைகள் ஒட்டிக்கொள்ளும். ஒட்டிக்கொண்ட கான்டாக்டர், சாவியை அணைத்தாலும் திறக்காது. அதனால் முதலில் ஒரு மின்தடை வழியாக மெதுவாக நிரப்ப வேண்டும். 100 ஓம் தடையும் 1000 மைக்ரோஃபாரட் மின்தேக்கியும் என்றால் அரை விநாடியில் ஏறக்குறைய நிரம்பிவிடும். அதன் பிறகே முதன்மைக் கான்டாக்டர் மூட வேண்டும். சாவியைத் திருப்பியதும் ஒரு சின்ன 'டிக்', அரை விநாடி கழித்து ஒரு கனத்த 'டக்'. இரண்டும் தனித்தனியாகக் கேட்டால் எல்லாம் சரி. இன்றும் அந்த இரண்டாவது ஒலிக்காகக் காத்திருந்துதான் வண்டியை எடுக்கிறேன்.

அணைத்த பிறகும் அந்த மின்தேக்கிகளில் மின்சாரம் தங்கியிருக்கும். பத்து நிமிடம் காத்திருந்து, மீட்டரால் அளந்து, பிறகு தொடுங்கள்.

ஃபியூஸ் நேர்மின்சாரத்துக்கென்றே செய்ததாக இருக்க வேண்டும். மாறுமின்சாரத்தில் மின்னோட்டம் விநாடிக்குப் பலமுறை பூஜ்ஜியத்தைக் கடப்பதால் தீப்பொறி தானே அறுந்துவிடும். நேர்மின்சாரத்தில் அது அறுபடாமல் எரிந்துகொண்டே இருக்கும். வீட்டுச் சுவிட்ச், வீட்டு ஃபியூஸ் எதையும் இங்கே கொண்டுவராதீர்கள்.

பேட்டரி மேலாண்மைக் கருவி கட்டாயமா?

கட்டாயம். ஒவ்வொரு செல்லையும் தனித்தனியாகப் பார்த்து, ஒன்று வரம்பைத் தொட்டாலும் சார்ஜரையோ மோட்டாரையோ அது நிறுத்த வேண்டும். இரும்பு பாஸ்பேட் செல்லுக்கு மேல் வரம்பு 3.65 வோல்ட், கீழ் வரம்பு 2.5 வோல்ட். பூஜ்ஜியம் டிகிரிக்குக் கீழே லித்தியம் செல்லைச் சார்ஜ் செய்யவே கூடாது, உள்ளே உலோக லித்தியம் படிந்து செல் கெட்டுவிடும். அதைத் தடுப்பதும் இந்தக் கருவியின் வேலை.

காரில் ஆல்டர்னேட்டரை (சுற்றினால் மின்சாரம் தரும் கருவி) வைத்து ஓடும்போதே சார்ஜ் செய்ய முடியாதா?

மிக அதிகமாக வரும் கேள்வி. முடியாது. ஆல்டர்னேட்டரைச் சுற்றுவதற்கான ஆற்றலையும் அதே பேட்டரிதான் கொடுக்க வேண்டும். அது கொடுப்பதைவிடக் குறைவாகத்தான் திரும்பி வரும். சக்கரத்தில் வைத்தாலும், காற்றாடி வைத்தாலும் கதை இதுதான்.

கூரையில் சூரியத் தகடு வைக்கலாம், அது உண்மையான வரவு. ஆனால் இரண்டு சதுர மீட்டர் கூரையில் நல்ல வெயிலில் 400 வாட் வந்தால் பெரிது. ஐந்து மணி நேர உச்ச வெயிலுக்கு 2 யூனிட், அதாவது 13 கிலோமீட்டர்.

பிரேக் பிடிக்கும்போது மின்சாரம் திரும்புமாமே?

திரும்பும், ஆனால் அளவோடு. ஆயிரம் கிலோ கார் 50 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது அதன் இயக்க ஆற்றல் 27 வாட் மணிதான். முழுவதும் திரும்பினால்கூட 180 மீட்டர் ஓடலாம். மலை இறக்கத்தில் பலன் அதிகம். பேட்டரி முழுவதும் நிரம்பியிருக்கும்போது திரும்பும் மின்சாரத்துக்கு இடமில்லை. அப்போது காலடியில் அந்த இழுவை இருக்காது என்பதை நினைவில் வையுங்கள்.

பிரேக், ஸ்டியரிங், ஏசி எல்லாம் என்ன ஆகும்?

பிரேக் பூஸ்டர் இன்ஜினின் வெற்றிடத்தில் இயங்கியது. இன்ஜின் போனதும் மிதி கல்லாகிவிடும். மின் வெற்றிடப் பம்பு ஒன்றும், சிறிய சேமிப்புக் குப்பியும், வெற்றிடம் குறைந்தால் ஒலிக்கும் எச்சரிக்கையும் வையுங்கள். பவர் ஸ்டியரிங்குக்கு மின்பம்பு. ஏசிக்கு மின் கம்ப்ரஸர். ஆல்டர்னேட்டருக்குப் பதிலாக, உயர் மின்னழுத்தத்தை 12 வோல்ட்டுக்கு இறக்கும் மாற்றி. பழைய 12 வோல்ட் பேட்டரி அப்படியே இருக்கட்டும், கான்டாக்டர்களையும் விளக்குகளையும் எழுப்புவது அதுதான்.

வீட்டில் எப்படிச் சார்ஜ் செய்வது?

230 வோல்ட், 16 ஆம்பியர் இணைப்பு 3.7 கிலோவாட் தரும். காலியான 24 யூனிட் பேட்டரி ஓர் இரவில் நிரம்பிவிடும். சார்ஜருக்கென்று மின்பெட்டியிலிருந்து தனிக் கம்பி, தனி பிரேக்கர், கசிவு பிரேக்கர், நல்ல எர்த் வேண்டும். பழைய பிளக் பாயிண்டில் மணிக்கணக்கில் 16 ஆம்பியர் இழுத்தால் பிளாஸ்டிக் உருகும். நீட்டிப்பு வயர் வேண்டவே வேண்டாம்.

முதல் ஓட்டத்தில் எதைக் கவனிக்க வேண்டும்?

முதலில் காரை ஜாக்கில் உயர்த்தி, சக்கரங்கள் எந்தத் திசையில் சுற்றுகின்றன என்று பாருங்கள். பிறகு ஆளில்லாத இடத்தில் இருபது நிமிடம் ஓட்டிவிட்டு, அணைத்து, பேட்டரிப் பெட்டியைத் திறந்து, ஒவ்வொரு இணைப்பின் வெப்பத்தையும் அகச்சிவப்பு வெப்பமானியால் அளந்து எழுதுங்கள்.

எங்களுக்கு எல்லா இணைப்புகளும் 38 டிகிரியை ஒட்டி இருந்தன. ஒன்று மட்டும் 71 காட்டியது. போல்ட் இறுக்கமாகத்தான் இருந்தது. கழற்றிப் பார்த்தபோதுதான், வாஷர் கம்பி முனைக்கும் செப்புப் பட்டைக்கும் நடுவில் சிக்கியிருந்தது தெரிந்தது. மின்சாரம் முழுவதும் அந்த எஃகு வில்லை வழியாகப் போயிருந்தது. சுற்றியிருந்த செம்பு கறுத்திருந்தது. செம்பும் செம்பும் நேராக ஒட்ட வேண்டும், வாஷர் மேலே போல்ட் தலைக்கு அடியில் வர வேண்டும். பட்டையைத் தேய்த்துச் சுத்தம் செய்து, சரியான வரிசையில் பூட்டி, இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ஸ்பேனரால் இறுக்கி, போல்ட் தலையிலிருந்து பட்டைவரை பெயின்ட் மார்க்கரால் ஒரு கோடு போட்டேன். மற்ற எல்லாப் போல்ட்டுகளுக்கும் அன்றே கோடு போட்டோம். நூறு கிலோமீட்டர் ஓட்டியதும் மறுபடி திறந்து, கோடுகள் விலகியிருக்கின்றனவா என்று டார்ச் அடித்துப் பாருங்கள்.